தண்டையார்பேட்டையில் பழைய வீட்டை இடித்துக் கட்ட வேண்டும்: கான்ட்ராக்டரை எதை வைத்து நம்புவது?

தண்டையார்பேட்டைவாசி (கேள்வி)

வணக்கம். தண்டையார்பேட்டையில் என் தாத்தா கட்டிய வீட்டில் மூன்றாம் தலைமுறையாகக் குடியிருக்கிறோம். இருபதுக்கு நாற்பத்தைந்து அடி மனை. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையிட்ட பழைய பாணிக் கூரை); பின்கட்டு பிற்காலத்தில் போட்ட கான்கிரீட் தளம். முன்கட்டின் உத்திரங்களில் இரண்டைக் கரையான் அரித்துவிட்டது. பின்கட்டிலோ கம்பி துருவேறி உப்பி, தளத்தின் அடிப்பகுதி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கூடத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்ற பிறகு, இனியும் பூசி மெழுகிக் காலம் தள்ள முடியாது என்று என் தந்தையாரே ஒப்புக்கொண்டார். தரைத்தளமும் முதல் தளமுமாக ஏறத்தாழ 1,450 சதுர அடி கட்ட எண்ணியிருக்கிறோம்.

மூவரிடம் விலை கேட்டிருக்கிறேன். ஒருவர் இதே வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்யும் மேஸ்திரி. பொருள்களை நாங்களே வாங்கிக் கொடுத்தால் சதுர அடிக்கு 480 ரூபாய் கூலி என்கிறார். இரண்டாமவர் பெரம்பூரில் அலுவலகம் வைத்திருக்கும் பொறியாளர். பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு 2,650 ரூபாய் கேட்கிறார். மூன்றாமவர் என் சித்தப்பாவின் சம்பந்தி வழியில் அறிமுகமானவர். 2,050 ரூபாய்க்கே முடித்துச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். ஆனால் வேலை தொடங்கும் முன்பே முப்பது விழுக்காடு முன்பணம் வேண்டும் என்கிறார். வீட்டில் உள்ளவர்களுக்கு மூன்றாமவர் மீதுதான் நாட்டம். உறவு வழியில் வந்தவர் ஏமாற்ற மாட்டார் என்பது அவர்கள் வாதம்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். கூட்டல் கழித்தல் தெரியும், கலவை விகிதம் தெரியாது. எங்கள் தெருவுக்குள் லாரி நுழையாது. இருபுறச் சுவர்களில் ஒன்று பக்கத்து வீட்டாருக்கும் எங்களுக்கும் பொதுச்சுவர். தந்தையாரின் ஓய்வூதியச் சேமிப்பும் வங்கிக் கடனுமாகத்தான் பணம் திரட்டுகிறோம். ஒரு முறை தவறினால் மறுமுறை கட்ட வழியில்லை. மூவருமே முடித்துக் கொடுத்த வீடுகளைக் காட்டினார்கள், மூன்றுமே அழகாகத்தான் இருந்தன. பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே ஒருவர் நம்பத்தக்கவரா என்பதை அறிய வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து

நான் அனுபவப்பட்டவன், பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன். 2019-இல் எங்கள் வீட்டின் மேல் முதல் தளம் எழுப்ப ஒருவரை அமர்த்தினேன். பெயர் வேண்டாம். அவர் முடித்துக் கொடுத்த வீடு ஒன்றை நானும் போய்ப் பார்த்தேன். புதிய பெயின்ட், பால்ஸ் சீலிங், வாசலில் மாவிலைத் தோரணம்கூட வாடியிருக்கவில்லை. வீட்டுக்காரர் வாயாரப் புகழ்ந்தார். கிரகப்பிரவேசம் முடிந்து இருபது நாள் ஆன வீட்டில் என்ன குறை தெரியும்? ஒரு பருவமழையையாவது தாங்கிய வீட்டைக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மூன்று மழை பார்த்த வீட்டுக்குப் போய், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையையும், குளியலறைச் சுவரின் மறுபக்கத்தையும், சன்ஷேடுகளின் அடிப்பகுதியையும் பாருங்கள். வீட்டுக்காரர் எதுவும் சொல்ல வேண்டியதே இருக்காது.

பணம் போன விதம் இதுதான். ஒவ்வொரு கட்டத்திலும் வேலை முடிந்த பிறகு அல்ல, தொடங்கும் முன்பே வாங்கினார். "கம்பி விலை ஏறப்போகிறது, இன்றே எடுத்துவிடலாம்" என்பார்; கொடுத்தேன். "சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் தட்டும் முட்டும்) ஆட்களுக்கு முன்பணம் கட்டாவிட்டால் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள்" என்பார்; அதையும் கொடுத்தேன். கூரைத் தளம் போட்டு முடித்த பத்தாம் நாள் வேலை நின்றது. அதற்குள் நான் பதினொன்றரை லட்சம் கொடுத்திருந்தேன். வெளியிலிருந்து ஒரு பொறியாளரை அழைத்து அளந்தபோது, நடந்திருந்த வேலையின் மதிப்பு எட்டு லட்சத்தைத் தாண்டவில்லை. நான்கு மாதம் வீடு முட்டுக்கொடுத்த சவுக்குக் கட்டைகளோடு நின்றது. அந்த மழைக்காலத்தை நாங்கள் எப்படிக் கழித்தோம் என்பதை எழுதினால் வேறு பக்கம் போய்விடும்.

பிறகுதான் விசாரித்தேன். அவர் ஒரே சமயத்தில் மூன்று இடங்களில் வேலை எடுத்திருந்தார். என் முன்பணத்தில் மூலக்கொத்தளத்து வேலைக்கான கூலியும், மூலக்கொத்தளத்துக்காரர் பணத்தில் அதற்கு முந்தைய வீட்டின் டைல்ஸ் கடன்பாக்கியும் அடைபட்டிருக்கின்றன. அவர் கெட்டவர் என்றுகூட நான் சொல்ல மாட்டேன்; அடுத்தவர் பணத்தில் இன்றைய வேலையை ஓட்டுபவர், எங்காவது ஓரிடத்தில் சங்கிலி அறுந்தால் கடைசியாகப் பணம் கொடுத்தவர் தலையில் விடியும். அதனால்தான் உங்கள் மூன்றாமவர் கேட்கும் முப்பது விழுக்காடு எனக்கு அச்சம் தருகிறது.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால் இரண்டு வழிகளைச் சொல்வேன். அவர் தற்போது வேலை செய்துகொண்டிருக்கும் இடத்துக்குச் சனிக்கிழமை மாலை, சொல்லாமல் போங்கள். வாரக் கூலி பட்டுவாடா அன்றுதான் நடக்கும். கொத்தனாரும் சித்தாளும் கூலி வாங்கிக்கொண்டு நேரத்துக்குக் கிளம்பினால் அவரிடம் பணம் ஓடுகிறது. ஏழு மணிக்கும் வாசலில் காத்துக்கொண்டிருந்தால் நீங்கள் வேறு ஆளைப் பார்க்கலாம். அடுத்தது, அவர் சிமென்ட்டும் கம்பியும் எடுக்கும் கடையின் பெயரைக் கேட்டு வாங்கி, அந்தக் கடைக்காரரிடம் "இவருக்குக் கடன் கொடுக்கிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். என் ஆளைப் பற்றி அந்தக் கடைக்காரரிடம் பின்னால் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை, சிரித்தார். எலக்ட்ரீஷியனும் பிளம்பரும்கூட நல்ல சாட்சிகள். கடைசியாக வேலை செய்பவர்களும் கடைசியாகப் பணம் பெறுபவர்களும் அவர்கள்தான்.

மீதி வேலையை உள்ளூர் மேஸ்திரி ஒருவரிடம் லேபர் கான்ட்ராக்டாகக் கொடுத்து, பொருளை நானே வாங்கி முடித்தேன். கொடுத்த மிகைப்பணத்தில் ஒன்றேகால் லட்சம்தான் தவணை தவணையாகத் திரும்பி வந்தது.

கட்டுமானப் பொறியாளர், கொளத்தூர்

உங்களுக்கு வந்திருக்கும் மூன்று விலைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஏனெனில் மூவரும் ஒரே வீட்டுக்கு விலை சொல்லவில்லை. "சதுர அடிக்கு இவ்வளவு" என்ற பேச்சில் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) அடங்குமா, மேல்நிலைத் தொட்டி அடங்குமா, பால்கனியை முழு அளவாகக் கணக்கிடுவார்களா பாதியாகவா, மாடிப்படியின் ஹெட்ரூம் (படிக்கட்டுக்கு மேல் எழுப்பும் சிற்றறை) எப்படி, மொட்டைமாடியில் வெதரிங் கோர்ஸும் (வெயில், மழை தாங்கும் மேற்பூச்சு) ஓடும் உண்டா, கிரில் யார் செலவு, மெட்ரோ வாட்டர் இணைப்பும் தற்காலிக மின் இணைப்பும் யார் பொறுப்பு என்பது எதுவுமே தெரியாது. குறைந்த விலை சொல்பவர் பெரும்பாலும் இவற்றையெல்லாம் பிறகு "எக்ஸ்ட்ரா" என்று சேர்ப்பார். முதலில் ஒரு பொறியாளரிடம் தனியாகக் கட்டணம் கொடுத்து, வரைபடமும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கும் அளவுகளோடு கூடிய வேலைப்பட்டியலும் தயாரித்துக்கொள்ளுங்கள். அதே பட்டியலை மூவரிடமும் கொடுத்து, வரிக்கு வரி விலை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவர் அங்கேயே விலகிவிடுவார். உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

உங்கள் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 1,450 சதுர அடிக்கு இரண்டாமவர் 38,42,500 ரூபாயும் மூன்றாமவர் 29,72,500 ரூபாயும் கேட்கிறார்கள். வித்தியாசம் 8,70,000. மூன்றாமவர் கேட்கும் முப்பது விழுக்காடு முன்பணம் 8,91,750. நீங்கள் மிச்சம் என்று நினைக்கும் தொகையைவிடச் சற்று அதிகமான தொகை, ஒரு செங்கல்லும் வைக்காத நிலையில் அவர் கைக்குப் போகிறது. வேலை தொடங்க ஆட்களைத் திரட்டவும் கொட்டகை போடவும் ஐந்து விழுக்காடு போதும். அதன்பின் கடைக்கால் முடிந்து பேஸ்மென்ட் (வீட்டின் தரை அமையும் அடிமேடை) வரை வந்ததும் ஒரு தவணை, தரைத்தளக் கூரை போட்டதும் ஒன்று, முதல் தளக் கூரைக்கு ஒன்று, பூச்சு முடிந்ததும் ஒன்று என்று, நடந்த வேலைக்கு மட்டும், அளந்து பார்த்துக் கொடுங்கள். வங்கிக் கடனும் கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கப்படும் என்பதால் ஒப்பந்தத்தின் தவணைகளை வங்கியின் கட்டங்களோடு பொருத்திவிடுவது நல்லது. கடைசி ஐந்து விழுக்காட்டை ஒரு வடகிழக்குப் பருவமழை கழியும்வரை நிறுத்தி வைப்பதாகவும் எழுதுங்கள். தான் கட்டிய கூரையின் மீது நம்பிக்கை உள்ளவர் இதற்கு முணுமுணுப்பார், ஆனால் மறுக்க மாட்டார்.

தொழில் தெரிந்தவரா என்பதை அறிய நான் ஒரே ஒரு கேள்வியைப் பரிந்துரைப்பேன்: "எங்கள் தெருவுக்கு என்ன கிரேடு (வலிமைத் தரம்) கான்கிரீட் போடுவீர்கள், கம்பிக்கு எவ்வளவு கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) விடுவீர்கள், ஏன்?" உங்கள் பின்கட்டின் தளம் ஏன் பெயர்ந்தது என்பதற்கான விடையும் இதில்தான் இருக்கிறது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு நுண்துளைகள் வழியே உள்ளே போய்க் கம்பியை அரிக்கிறது. துரு கம்பியைவிட அதிக இடம் எடுத்துக்கொள்வதால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறிமுறையான ஐஎஸ் 456, கடலோரச் சூழலுக்கு நேரடியாக ஆட்படும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 கிரேடும் 45 மி.மீ. கவரும், உப்புக்காற்றிலிருந்து மறைவாக உள்ள பரப்புகளுக்கு எம்25 கிரேடும் 30 மி.மீ. கவரும் கேட்கிறது. "எல்லா இடத்துக்கும் எம்20தான் சார், இருபது வருஷமா அதைத்தான் போடுறோம்" என்று பதில் வந்தால், அவர் நேர்மையாளராகவே இருந்தாலும் உங்கள் தெருவுக்கு ஏற்றவர் இல்லை.

தண்ணீரும் அப்படித்தான். வடசென்னையின் கடலோரத் தெருக்கள் பலவற்றில் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீர் உப்பாக இருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதே நெறிமுறை. உங்கள் போர் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். அளவு மீறினால் கலவைக்கும் கியூரிங்குக்கும் (போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைப்பதற்கும்) டேங்கர் தண்ணீர் வாங்குவது யார் செலவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். இதை எழுதாமல் விட்ட இடங்களில் இரவோடு இரவாகப் போர் மோட்டாரைத் தட்டிவிட்ட கதைகள் எனக்குத் தெரியும்.

தரத்தைச் சோதிக்க உங்களுக்குப் பொறியியல் தெரிய வேண்டியதில்லை. பன்னிரண்டு மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.89 கிலோவும், எட்டு மி.மீ. கம்பி 0.395 கிலோவும் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் துண்டு வெட்டித் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். தளம் போடும் நாளில் 150 மி.மீ. கன அச்சுகளில் கலவையை நிரப்பி, 28 நாள் தண்ணீரில் வைத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கும் சோதனைக்கு ஒப்பந்தத்திலேயே இடம் வையுங்கள். கியூப்களை நீங்கள் எடுத்துச் செல்லுங்கள், அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். சென்ட்ரிங் பிரிக்கும் நாளையும் குறித்துவிடுங்கள். ஷீட்டுக்கு நாள் வாடகை என்பதால் அவற்றை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக எல்லோருக்குமே அவசரம் இருக்கும். நாலரை மீட்டர் வரையிலான தளத்துக்கு ஏழு நாளாவது, அதற்கு மேல் போனால் பதினான்கு நாளாவது முட்டு நிற்க வேண்டும். இப்போது பரவலாகக் கிடைக்கும் பிபிசி (போர்ட்லேண்ட் பொசொலானா) சிமென்ட் மெதுவாக இறுகுவது. இன்னும் சில நாள் கூட்டி வைப்பதே நல்லது.

பொதுச்சுவரைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்; எனக்கென்னவோ உங்கள் வேலையில் சிக்கலான இடமே அதுதான். பழைய வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு உத்திரமும் அதே சுவரில் குத்தி நிற்கும். உங்கள் பக்கத்தை ஜேசிபியால் தட்டினால் அவர்கள் கூரை ஆடும். இடிப்பதற்கு முன் பக்கத்து வீட்டாரை உடன் வைத்துக்கொண்டு, இருக்கும் விரிசல்களையெல்லாம் தேதியோடு படம் எடுத்து இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். கையால் இடிக்க வேண்டும், சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், சேதமானால் யார் சரிசெய்வது என்பன எழுத்தில் இருக்கட்டும். மாநகராட்சியிடம் இடிப்பு அனுமதியும் தேவை. இடிப்பதற்குத் தனி ஆள் வைத்தால், முன்கட்டின் உத்திரமும் பழைய கதவு நிலைகளும் யாருக்கு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். தேக்காக இருந்தால் இடிப்பவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கும்.

அனுமதி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீடுகளுக்கு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் சுயசான்று அளித்து உடனே அனுமதி பெற முடிகிறது. ஆகவே "அப்ரூவல் வாங்கித் தர" என்று அரசுக் கட்டணத்துக்கு மேல் பெருந்தொகை கேட்பவரிடம் அது எதற்கு என்று விளக்கம் கேளுங்கள். சான்றளிப்பவர் நீங்கள் என்பதால், வரைபடத்தை மீறிக் கட்டினால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

மேஸ்திரி வீட்டுப் பிள்ளை, வியாசர்பாடி

என் தந்தையார் நாற்பது ஆண்டுகள் மேஸ்திரியாக இருந்தவர். நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கான்ட்ராக்டர்கள் ஏன் முன்கூட்டியே பணம் கேட்கிறார்கள் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். பாதிச் சுவர் எழுந்த பிறகு சமையலறையை வாஸ்துப்படி தென்கிழக்குக்கு மாற்றச் சொல்லிவிட்டு, இடித்துக் கட்டிய கூலியைக் கேட்டால் "அது உங்கள் வேலைதானே" என்று சொன்ன வீட்டுக்காரர்களை என் தந்தையார் பார்த்திருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு கடைசித் தவணைக்கு ஆறு மாதம் அலையவிட்டவர்களும் உண்டு. ஒரு முறை சூடுபட்டவர் அடுத்த வீட்டில் முதலிலேயே வாங்கிவிடப் பார்ப்பார்.

எனவே டைல்ஸ் என்ன விலை வரை, சுவிட்ச் என்ன கம்பெனி, கதவு என்ன மரம் என்பதையெல்லாம் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். நடுவில் மாற்றம் வந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றைய தேதியோடு, கூடும் அல்லது குறையும் தொகையை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். என் தந்தையார் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வீட்டுக்கு ஒன்றாக வைத்திருந்தார். அதனால் தப்பிய சண்டைகள் பல.

லேபர் கான்ட்ராக்ட் மலிவு என்று நினைத்து முதலாமவரிடம் போவதானால், உங்களால் தினமும் காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க முடியுமா என்று யோசியுங்கள். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) லோடு வந்தால் இறக்குவதற்கு முன் லாரியிலேயே நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுத்தால் எத்தனை யூனிட் என்பது தெரியும். இறக்கிக் குவித்த பிறகு அளக்க முடியாது. உங்கள் தெருவுக்குள் லாரி வராது என்பதால் தெருமுனையில் இறக்கித் தலைச்சுமையாகவோ மீன்பாடி வண்டியிலோ கொண்டுவரும் கூலி தனியாக வரும், தெருமுனையில் கிடக்கும் மணல் இரவில் குறையவும் செய்யும். இந்த ஷிஃப்டிங் கூலியை மூவரில் யாராவது விலையில் சேர்த்திருக்கிறார்களா? தெருவைப் பார்க்காமலே விலை சொன்னவர் யார் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

பேஸ்மென்ட் உயரம் மூன்றடி என்று வாய்ப்பேச்சாக விடாதீர்கள். எதிலிருந்து மூன்றடி? உங்கள் மனையின் மண்மட்டத்திலிருந்தா, சாலையின் நடுவிலிருந்தா? எங்கள் பக்கம் சாலையை மேலுக்கு மேல் போட்டதில் வீடுகள் எல்லாம் பள்ளத்துக்குப் போயிருக்கின்றன. சாலையிலிருந்து என்று எழுதி வாங்குங்கள்.

தண்டையார்பேட்டைவாசி

அனைவருக்கும் நன்றி. ஷிஃப்டிங் கூலியை மூவரிடமும் கேட்டேன். மேஸ்திரி உடனே ஒரு தொகை சொன்னார். பெரம்பூர்க்காரர் நேரில் வந்து தெருமுனையிலிருந்து அடி அளந்து பார்த்துவிட்டு, விலையில் சேர்க்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். மூன்றாமவர் "அதெல்லாம் நமக்குள்ளே பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

இன்னொரு ஐயம். பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தால் வரி மிச்சமாகும் என்று மூன்றாமவரும், வேறு சில உறவினர்களும் சொல்கிறார்கள். பெரம்பூர்க்காரரின் 2,650 ரூபாயில் ஜிஎஸ்டி அடக்கமா என்பதையும் நான் கேட்கவில்லை. ஏதேனும் பிசகினால் ரேராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) முறையிடலாமா?

வழக்கறிஞர், ராயபுரம்

ரேரா உங்களுக்கு உதவாது. மனைகளையோ அடுக்குமாடி வீடுகளையோ விற்பனைக்கு உருவாக்கும் நிறுவனங்களுக்கான சட்டம் அது. சொந்த மனையில் நீங்களே கான்ட்ராக்டர் வைத்துக் கட்டுவது அதன் வரம்பில் வராது. உங்களுக்குரிய இடம் நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவையே என்பதை உச்ச நீதிமன்றம் 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உறுதிசெய்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்பதன் வரையறையிலேயே வீட்டுக் கட்டுமானம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐம்பது லட்சத்துக்கு மிகாதவரை மாவட்ட ஆணையத்திலேயே மனு செய்யலாம்; வடசென்னைக்குத் தனி ஆணையம் உண்டு. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும் என்பதை மறந்துவிட்டு, "பார்த்துச் செய்கிறேன்" என்ற வார்த்தையை நம்பி மூன்றாம் ஆண்டில் வருபவர்கள் ஏராளம்.

ஆனால் ஆணையத்தில் பேசுவது தாள்கள்தான். ரொக்கமாகக் கொடுத்து, பில்லும் இல்லாமல், ஒப்பந்தமும் இல்லாமல் இருந்தால், நீங்கள் பணம் கொடுத்தீர்கள் என்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். வரியில் மிச்சமாகும் தொகைக்கு ஈடாக நீங்கள் விட்டுக்கொடுப்பது வழக்குத் தொடுக்கும் வலுவை. வங்கி வழியாகவே கொடுங்கள்.

ஜிஎஸ்டியில் இரண்டு நிலைகள் உண்டு. தனி வீடொன்றைப் புதிதாகக் கட்டும் வேலையைப் பொருளில்லாமல் கூலிக்கு மட்டும் எடுத்தால் வரிவிலக்கு உண்டு. ஆகவே மேஸ்திரி ஜிஎஸ்டி கேட்காததில் தவறில்லை. பொருளோடு சேர்த்து எடுக்கும் ஒப்பந்தத்துக்கு 18 விழுக்காடு. பெரம்பூர்க்காரரின் தொகைக்கு அது 6,91,650 ரூபாய் ஆகிறது. அடக்கமா, தனியா என்பதை இன்றே எழுத்தில் கேளுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு இருபது லட்சத்தைத் தாண்டினாலே பதிவு கட்டாயம் என்பதால், முப்பது லட்ச ரூபாய் வீட்டைப் பொருளோடு கட்டித் தருவதாகச் சொல்பவர் பதிவு எண் இல்லை என்றால் நம்புவதற்கில்லை. தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும், மொத்தம் பதினைந்து எழுத்துகள். ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவரின் பெயரும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். மைத்துனர் பெயரில் பதிவு, மச்சான் பெயரில் கையெழுத்து என்பது நான் அடிக்கடி பார்க்கும் ஏற்பாடு.

தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் சட்டப்படி யார் பொறுப்பு என்பது பிறகு முடிவாகும். அன்றிரவு உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். பொதுச்சுவரும் இடிப்பு வேலையும் இருக்கும் உங்கள் இடத்தில் இது ஒதுக்கிவைக்கக் கூடிய செலவில்லை.

தண்டையார்பேட்டைவாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தனிப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு வேலைப்பட்டியல் தயாரித்து மூவரிடமும் கொடுத்தேன். மூன்றாமவர் பட்டியலைத் திருப்பித் தரவில்லை. சித்தப்பாவுக்கு என்மீது வருத்தம், அது தீர நாளாகும். பெரம்பூர்க்காரர் வரிக்கு வரி எழுதிக் கொடுத்ததில் ஜிஎஸ்டி அடக்கம் இல்லை என்பதும், சம்பும் கைப்பிடிச் சுவரும் முதல் விலையில் இல்லை என்பதும் தெரியவந்தன. மொத்தத் தொகை கூடியதால் பின்பக்க பால்கனியையும் ஓர் அறையின் லாஃப்ட் வேலைகளையும் விட்டுவிட்டோம். கான்கிரீட்டைப் பற்றிய கேள்விக்கு அவர் முன்பக்கத் தூண்களுக்கும் சன்ஷேடுகளுக்கும் எம்30 என்று தாமாகவே சொன்னார். பருவமழை வரை நிறுத்தி வைக்கும் தொகையை ஐந்திலிருந்து மூன்று விழுக்காடாகக் குறைக்கக் கேட்டார், ஒப்புக்கொண்டேன்.

போன சனிக்கிழமை மாலை மூலக்கடை அருகே அவருடைய வேலை நடக்கும் இடத்துக்குச் சொல்லாமல் போனேன். ஐந்தரைக்குப் பட்டுவாடா முடிந்து, சித்தாள் ஒருவர் மட்டும் கலவைச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். போட்டு ஐந்து நாள் ஆன தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நின்றது. முன்பணம் ஐந்து விழுக்காட்டை வங்கி வழியாக அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமை மண் பரிசோதனைக்கு ஆள் வருகிறார். பக்கத்து வீட்டுப் பெரியவரையும் அன்று காலை பொதுச்சுவர் விரிசல்களைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.